சுதி சேராத நரி

ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம் நரி ஊளையிடும். ஒன்று இழுக்கும், அது ஓயுமுன் இன்னொன்று மேலே பிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் போர்வைக்குள் கிடந்து கேட்ட அந்தச் சத்தம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பாட்டு டீச்சரின் காதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் மிருகக்காட்சி சாலையில், ‘நம் காட்டு உயிர்கள்’ என்று பலகை வைத்த நடைபாதையில், அவள் சட்டென்று நின்றாள்.

"ஊ... ஊஊ..."

"நரி! நரி!" என்று கூட்டம் கைதட்டியது.

"ஏங்க, இது நரி இல்ல."

"பலகைல நரின்னு போட்டிருக்கே" என்றார் கணவர்.

"பலகையா ஊளையிடுது? இது மனுஷன். அதுவும் சுதி சேராத மனுஷன்."

"டீச்சர், ரிட்டையர் ஆயாச்சு. நரியையாவது பாஸ் போட்டு விடேன்."

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பாட்டுக்கு முன்பும் சண்டைக்கு முன்பும் அவளுக்கு அது வேண்டும். கணவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மூங்கில் புதரைச் சுற்றிப் போனாள். நினைத்தது சரி. கம்பிவலைக்கு முன்னால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு, வாயைக் குவித்து, வானத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே நரி ஊமைபோல உட்கார்ந்திருந்தது.

"வெக்கமா இல்ல? பச்சைப் பிள்ளைங்கள ஏமாத்துறீங்களே! ஆபீசர் ரூம் எங்க இருக்கு?"

கூண்டுக்காரர் பதறி எழுந்தார். "மெல்லம்மா! அவருக்குத் தெரிஞ்சா என்னைய இந்தப் பக்கமே விடமாட்டாரு. கூட்டத்துக்கு வித்தை காட்டாதேன்னு ஏற்கெனவே திட்டிட்டாரு."

"சரியாத்தான் திட்டியிருக்காரு. நரி ஊளையிடலைன்னா அதுக்குப் பதிலா நீங்க இடுவீங்களோ?"

"அதுக்கு ஊளையிடத் தெரியாதும்மா."

"என்னது?"

"லொள்" என்றது நரி.

கணவர் சிரிப்பை இருமலாக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"தாய் ரோட்டுல அடிபட்டுச் செத்துருச்சு. கண்ணு திறக்காத குட்டிய யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய் நாயோட நாயா வளத்துட்டாங்க. குரைக்கத்தான் தெரியும். தன் சாதிசனத்தைக் கூப்பிடத் தெரிஞ்சாத்தான் காட்டுல விடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இல்லேன்னா ஆயுசுக்கும் இந்தக் கம்பிதான்."

"ரெக்கார்டு போட்டுக் காட்டறதுதானே?" என்றார் கணவர்.

"போட்டோமே. ஸ்பீக்கரை மோந்து பாத்துட்டுத் தூங்கிருச்சு. ஆள் எதிர்ல உக்காந்து கத்தினாத்தான் காதை நிமிர்த்துது." அவர் குரல் இறங்கியது. "நான் கத்தறது கூட்டத்துக்கு இல்லம்மா. அதுக்கு."

டீச்சர் நரியைப் பார்த்தாள். நரி டீச்சரைப் பார்த்தது. கடைசி பெஞ்சில் அந்த முழியை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

"ஆபீசர் ரூம் அந்தப் பக்கம்னு நினைக்கிறேன்" என்று கணவர் மெதுவாகக் கை காட்டினார்.

அவள் கைப்பையை அவரிடம் திணித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, கூண்டுக்காரர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பாடம் நடத்தற லட்சணமா இது? இப்படிக் கத்துக்கிட்டுப் போனா அது மத்த நரிங்க முகத்துல எப்படி முழிக்கும்? கவனிங்க. முதல்ல கீழே பிடிக்கணும். அப்புறம்தான் மேலே."

தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் நரியைக் காட்டில் விட்டார்கள். இப்போது அது இருட்டியதும் சுத்தமாக ஊளையிடுகிறதாம், ஒவ்வொரு தடவையும் முதலில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு.