கோட்டுப் பையில் ஒரு கை

கார்லின் கண் விழித்தபோது, கதவுக் கொக்கியில் தொங்கிய அவள் கோட்டின் பைக்குள் ஒரு கை இருந்தது.

நர்ஸ் டோலோரெஸின் கை.

"என்ன தேடுறீங்க?"

கை வெளியே வந்தது. காலியாகத்தான் வந்தது.

"ஒண்ணுமில்ல. கோட்டு நழுவிச்சு, சரியா மாட்டினேன்."

"கோட்ட மாட்டுறவங்க பைக்குள்ளயா கை விடுவாங்க?"

டோலோரெஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பையில் இருந்தது ஒரே ஒரு சாவி. கட்டிலருகே இருந்த சின்ன இரும்புப் பெட்டியின் சாவி. பெட்டிக்குள் கஞ்சா எண்ணெய்.

மகள் ஜூனியின் வலிப்புக்கு அது ஒன்றுதான் கேட்டது. கான்சஸில் இருந்தவரை, போலீஸுக்குப் பயந்து ஓட்ஸ் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள் கார்லின். புருஷன் வரமாட்டேன் என்றான். மகளையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு, அதற்குத் தடையில்லாத கொலராடோவுக்கு வந்துவிட்டாள். ஜூனியை நிமோனியாவுக்காக இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எண்ணெயை வார்டிலேயே கொடுக்க அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை. பெற்றவர்கள்தான் கொடுக்க வேண்டும். ஊழியர்கள் தொடக் கூடாது.

முதல் நாளே டோலோரெஸ் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருந்தாள்.

"நான் தொட்டேன்னு வச்சுக்க, என் வேலையும் போகும், இந்த வார்டுல யாருக்கும் எண்ணெயும் கிடையாதுன்னுடுவாங்க. நீ குடு. நான் பார்க்கவே இல்ல."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நாலு மணியானால் வருவாள். "ம், நேரமாச்சு" என்பாள். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கார்லினுக்கு அந்த முதுகைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஜன்னலைப் பார்த்தபடியே, "ஏம்மா, விரல் முட்டி வலிக்குக்கூட இது கேக்குமா?" என்று கேட்டுச் சிரித்தாள். விரல்கள் இஞ்சிக் கிழங்கு போல் முண்டு முண்டாக இருந்தன.

அது இப்போது கார்லினுக்கு நினைவு வந்தது.

"ஜூனி, இவங்க பெட்டியத் திறந்தாங்களா?"

ஜூனி டோலோரெஸைப் பார்த்தாள். டோலோரெஸ் ஜன்னலைப் பார்த்தாள். ஜூனி போர்வையை முகத்தோடு இழுத்துக்கொண்டாள்.

பிள்ளையை மிரட்டி வைத்திருக்கிறாள் என்று கார்லினுக்குப் பட்டது. நேரே போய்ப் புகார் கொடுத்தாள்.

மறுநாள் தலைமை நர்ஸ் பிரெண்டா வந்தாள்.

"டோலோரெஸ் ஒத்துக்கிட்டாங்க. விரல் வலி தாங்காம அஞ்சாறு சொட்டு எடுத்தாங்களாம். வேலைய விட்டு அனுப்பியாச்சு. எங்க எல்லாருக்கும் ரொம்ப வருத்தம்."

"நான் எண்ணெய் குடுக்கும்போதெல்லாம் முகத்தத் திருப்பிக்கிட்டு நிப்பாங்களே! திருப்பின முகத்தோட லட்சணத்தப் பாருங்க" என்றாள் கார்லின்.

பிரெண்டா கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நாள் சரியாகப் போயிற்று.

மூன்றாம் நாள் கார்லின் வேலை செய்யும் ரொட்டி ஆலையில் ஆள் குறைவு. விடியும் முன்பே போனவள், மதியம் மூன்று மணிக்கு மேல் மாவு அப்பிய செருப்போடு வந்து நாற்காலியில் விழுந்தாள். அவள் இப்படி அசந்துபோவது புதிதல்ல. பல நாள் திடுக்கிட்டு விழித்து, "நாலு மணிச் சொட்டு குடுத்தேனா?" என்று கேட்பாள். "குடுத்துட்ட. அதுக்குள்ள மறதியா, கிழவி?" என்று ஜூனி சிரிப்பாள்.

இன்று அவளை எழுப்பியது கட்டிலின் சத்தம்.

கட்டில் குலுங்கிக்கொண்டிருந்தது. ஜூனியின் கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரை.

டாக்டர் வந்து ஊசி போட்டார். அடங்க வெகுநேரம் ஆனது.

"எண்ணெய் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு நாள் தவறினதில்ல டாக்டர்."

அவர் போனதும் கார்லின் மகளின் நெற்றியைத் துடைத்தாள்.

"ஜூனி, குடுத்தேன்தானே?"

ஜூனி இல்லை என்று தலையசைத்தாள். "நீ தூங்கிட்டம்மா."

"எழுப்ப வேண்டியதுதானேடி?"

"எழுப்ப மனசு வரல. நீ தூங்கினா மிஸ் டோலோரெஸும் எழுப்ப மாட்டாங்க."

கார்லினின் கை நின்றது.

"பின்ன?"

"அவங்களே குடுத்துடுவாங்க. உங்கம்மா நாள் பூரா நின்னுக்கிட்டே வேல செய்றவ, கொஞ்சம் தூங்கட்டும்பாங்க. நீ கேட்டா நீயே குடுத்ததா சொல்லச் சொன்னாங்க."

"அன்னைக்குக் கோட்டுப் பையில..."

"சாவியத் திரும்ப வச்சாங்க."

ஜன்னலுக்கு வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. கார்லின் எழுந்தாள். கோட்டை எடுத்தாள். கை ஒரு பக்கம் நுழைந்தது, மறுபக்கம் நுழையவில்லை.

"எங்கம்மா போற?"

"பிரெண்டாகிட்ட. அவங்க திருடல, உனக்குத்தான் குடுத்தாங்கன்னு சொல்லிட்டு வரேன்."

ஜூனி அம்மாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதம்மா. சொன்னா இங்க யாருக்கும் எண்ணெய் கிடையாதுன்னுடுவாங்க. அதனாலதான் திருடினதா சொல்லிட்டுப் போறேன்னு என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாங்க."