மேலப்பாளையத்து மாப்பிள்ளை

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் நாக்கு அழுகட்டும். மிச்சமிருக்கிற பல்லும் உதிரட்டும். பாளையங்கோட்டையில் நடந்தது. சக்கரவர்த்தி முடிசூட்டுக்கு ஊரெல்லாம் தோரணம் கட்டிய வருஷம்.

“இன்னொரு ஈத்துக்கு அவ உடம்பு தாங்காது. சொல்லுதேன்ல?” என்றாள் சாரம்மாள்.

“நாயோட உடம்பைப் பத்தி உனக்கு என்னட்டி தெரியும்?” என்றார் அவள் புருஷன் கிருபைராஜ்.

கிருபைராஜ் கணக்கு வாத்தியார். புது ஜாதி நாய் ஒன்றை உண்டாக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசானி விட்டுப்போன டெய்சி என்ற பெட்டைநாய் அவரிடம் இருந்தது. முழ நீளம், சப்பை மூக்கு, பட்டு மாதிரி முடி. இந்த முகத்தை ஒரு பெரிய நாயின் உடம்பில் ஏற்றிவிட்டால் கலெக்டர் துரையே வீடு தேடி வந்து கைகுலுக்குவார் என்று கணக்குப் போட்டிருந்தார்.

முதல் தடவை ஒரு வேட்டைநாயைச் சேர்த்தார். குட்டி பெருத்து, வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டது. சாரம்மாள்தான் விளக்கெண்ணெய் தடவி இழுத்தாள். டெய்சி பிழைத்ததே பெரிய காரியம். அப்படிப் பிறந்த சீசர் முற்றத்தில் கிடந்தது. முயலைக் கண்டால் அதன் முன்பாதி அப்பனைப் போலப் பாயும். பின்பாதி அம்மாவைப் போல உட்கார்ந்துவிடும். நடுவில் வயிறு மட்டும் ஒரு சாண் நீளும். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“அந்தா கிடக்கே, மூச்சு விடப் படுத பாட்டைப் பாருங்க. முழிச்சிக்கிட்டே குறட்டை விடுத நாயை எங்கயாவது கண்டதுண்டா? ஆண்டவர் ஒழுங்காத்தான படைச்சாரு? அதைத் திருத்த நீங்க யாரு?”

“ஒட்டுமாங்கா திங்கும்போது மட்டும் ஆண்டவர் ஞாபகம் வரலியோ?”

“மாமரத்துக்குப் பிரசவ வலி கிடையாது.”

கிருபைராஜ் தலையில் அடித்துக்கொண்டார். “உங்கிட்டப் பேசுததுக்கு அந்தச் சீசர்கிட்டப் பேசலாம்.”

“குட்டிதான் வேணும்னா, அவ உசரத்துக்கு ஒண்ணு பார்த்தா என்னவாம்?”

“எது? இதுவா?” வேலி ஓட்டை வழியாகத் தலையை நீட்டிய தெருநாய் மேல் செருப்பை வீசினார். முழங்காலுக்குக் கீழே உயரம். இடது காது மடிந்து தொங்கியது. எத்தனை விரட்டினாலும் அது அந்த ஓட்டைக்கே திரும்பி வரும். “ஏலே, போலே அங்கிட்டு! துரைசானி வளர்த்த பிள்ளை கேக்குதோ உனக்கு?”

சண்டை மறுநாளும் நடந்தது. டெய்சிக்கோ பருவம் வந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை சாரம்மாள் வழக்கம்போல மேலப்பாளையம் போனாள். ஆட்டு வியாபாரி முகம்மது மைதீன் வீட்டுப் பெண்களுக்கு அவள்தான் தையல் சொல்லிக்கொடுப்பாள். திரும்பி வந்தவள் தானாகவே இறங்கி வந்தாள்.

“உங்க இஷ்டம் போலச் செய்ங்க. மைதீன் அண்ணாச்சியோட மந்தைநாயைக் கேளுங்க. அதவிடப் பெருசு இந்த ஜில்லாவுலயே கிடையாதாம்.”

“இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு!”

மைதீனே நாயை நடத்திக் கூட்டிவந்தார். கன்றுக்குட்டி உயரம். டெய்சி தலையைக் குனியாமலே அதன் வயிற்றுக்கடியில் நுழைந்து மறுபக்கம் போனாள். நாய் அவளை மோந்து பார்த்தது. கொட்டாவி விட்டது. படுத்துத் தூங்கிவிட்டது.

மறுநாள் மைதீன் எட்டிப் பார்க்க வந்தபோதும் தூங்கியது.

“என்னவே அண்ணாச்சி, உம்ம மாப்பிள்ளை சோத்துக்கு மட்டும்தான் எந்திரிக்கு?”

“பெரிய இடத்துப் பிள்ளை, சார்வாள். ஆளைக் கண்டா கூச்சப்படும். நீங்க இங்கனயே காவல் நின்னா எப்படி?”

நியாயமாகத்தான் பட்டது. கிருபைராஜ் கொல்லைக் கதவைச் சாத்தினார். ஜன்னல்களையும் சாத்தினார். ஒரு வாரத்துக்கு யாரும் கொல்லைப் பக்கம் தலைகாட்டக் கூடாது, வேலியை அடைக்கக்கூட ஆள் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

நாயைத் திரும்பக் கூட்டிப்போக வந்தபோது மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டார். “கெடா நாய் கொடுத்தவருக்கு முதல் குட்டி. அது வழக்கம். ஒண்ணு எடுத்து வைக்கேன்.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம், சார்வாள்.”

“அட, சும்மா வாங்கிக்கிடும் வே.”

“வேண்டாம்னா வேண்டாம். அல்லா பார்த்துக்கிட்டு இருக்கான்.”

இப்படிப் பேராசை இல்லாத மனுஷனா என்று கிருபைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வார ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகவே சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து டெய்சி நாலு குட்டி போட்டாள். ஒவ்வொன்றும் கைக்குள் அடங்கியது. சாரம்மாள் விளக்கெண்ணெயைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்து, டெய்சி மீன்தலை கேட்டு வாலை ஆட்டினாள்.

கிருபைராஜ் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். “உபதேசியார், இந்த நெஞ்சைப் பாருங்க. அப்படியே மைதீன் நாய்! இந்த நடை? மைதீன் நாய்! தூங்குத தூக்கம்கூட அப்பனை உரிச்சு வச்சிருக்கு!”

உபதேசியார் இஸ்ரவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “எல்லாத்துக்கும் இடது காது மடிஞ்சிருக்கே, சார்வாள்?”

“புது ஜாதின்னா ஒரு அடையாளம் வேண்டாமா? ஒண்ணும் தெரியாம என்ன பேச்சுவே இது!”

சாரம்மாள் குனிந்து டெய்சிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவேயில்லை.

டெய்சிக்குப் பருவம் வந்த அந்த வியாழக்கிழமை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே மைதீன் மனைவி சுபைதா பேகம் அவளிடம் ஒரு வீட்டு விஷயம் சொல்லியிருந்தாள்: மந்தையை அம்போவென்று விட்டுவிட்டு ஊர்ப் பெட்டைகளின் பின்னால் ஓடுகிறதென்று அந்த நாய்க்குக் காயடித்து மூன்று வருஷம் ஆகிறது.