வீட்டுக்கு ஒண்ணு

"வீட்டுக்கு ஒண்ணுதான் சார். உங்க விலாசத்துக்கு ஏற்கெனவே ஒண்ணு கொடுத்தாச்சு."

கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற என் வீட்டுக்காரருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"யாருக்குக் கொடுத்தீங்க? வீட்டுல இருக்கறதே நானும் இவளும்தான். ரெண்டு பேரும் இங்கேதானே நிக்கறோம்?"

"பேரைச் சொல்லக் கூடாது சார். கடை ரூல்."

"நல்லா இருக்கு உங்க ரூல். வாங்கினது யாருன்னும் சொல்ல மாட்டீங்க, எனக்கும் கொடுக்க மாட்டீங்க."

"இந்த வயசுல இவருக்கு எதுக்கு வீடியோ கேம்?" என்று பின்னால் ஒருவர் சிரித்தார். அவரைத் திரும்பி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

எதுக்கா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால், வேலை தேடாமல் விளையாடுகிறானே என்று எங்கள் பையனுடைய பழைய கேம் மெஷினைத் தூக்கித் தரையில் அடித்தார் இவர். "இது என் வீடு. இங்கே இருந்தா என் பேச்சைக் கேக்கணும்" என்றார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. இவரும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டும் போன் வரும். நான் "சாப்பிட்டியாடா?" என்று ஆரம்பித்ததுமே இவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

போன வாரம் பேப்பரில் வந்த புது கேம் மெஷின் விளம்பரத்தைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "இதை வாங்கி அவன் ரூம்ல வச்சுட்டுக் கூப்பிட்டா வருவானா?"

பதினாறு வருஷமாக பஸ் ஓட்டுகிற மனுஷன், காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவர், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

"மாடி வீட்டுக்காரன் வேலையாத்தான் இருக்கும்" என்றார் என்னிடம். "நம்ம தண்ணியில கார் கழுவறவன், விலாசத்தை மட்டும் விட்டு வைப்பானா?"

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "யார் வந்து எந்த விலாசத்தைச் சொன்னாலும் எழுதிக்குவீங்களா? விசாரிக்க மாட்டீங்களா?"

அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"விசாரிச்சேன் சார். காலையில முதல் ஆளா வந்தாரு. ஆதார் கார்டுல உங்க விலாசம்தான் இருந்துச்சு. ஆனா இப்ப தங்கியிருக்கறது வேற இடம்னு சொன்னாரு. 'அப்ப அந்த இடத்தையே எழுதிடட்டுமா? இல்லேன்னா உங்க வீட்டுல வேற யாரும் வாங்க முடியாதே'ன்னு நானே எடுத்துச் சொன்னேன். கேக்கலை."

"என்ன சொன்னான்?" இவர் குரல் இறங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"'அது நான் தங்கற ரூமுங்க. நீங்க வீட்டு விலாசம்தானே கேட்டீங்க?'ன்னு சொன்னாரு."