மண் சீர்

ஆடி மாதம் பொங்கி வந்த ஆறு, தன் நடுவே இருந்த சின்னத் திட்டைக் கரைத்தது. முருங்கைத் தோட்டம் போனது. மாரியம்மன் கோயில் வாசல்வரை மண் சரிந்தது.

"பாதியை விழுங்கிவிட்டேன், பார்த்தாயா?" என்றது ஆறு.

நாவல் மரத்தில் கட்டியிருந்த ஓடம் சொன்னது: "வருஷா வருஷம் இதே பேச்சு. தையில் வற்றியதும் தூங்கிவிடுகிறாய். இந்தத் தடவை விழித்திருந்து பார்."

தை பிறந்தது. ஆறு விழித்திருந்தது. கீழ்க்கரை ஊர்களில் வாழ்க்கைப்பட்ட திட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கூடை மண்ணோடு ஓடத்தில் ஏறினார்கள். எல்லா ஊரிலும் பிறந்த வீடுதான் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும். இந்தத் திட்டில் மட்டும் பெண்கள் பிறந்த வீட்டுக்கு மண் சீர் கொண்டுவருவார்கள்.

அங்காயி என்பவள் சரிந்த கரையில் கூடையைக் கவிழ்த்து, "யம்மா, நம்ம மண்ணு வந்துருச்சு!" என்று கூவினாள்.

ஆறு திடுக்கிட்டது. "இது நான் கரைத்துக்கொண்டுபோய் அவள் வயலில் போட்ட வண்டல் ஆயிற்றே! எத்தனை காலமாக இப்படி நடக்கிறது?"

"எனக்கு முந்தைய ஓடங்களைத்தான் கேட்க வேண்டும். அவையும் மக்கி, இந்த மண்ணோடு மண்ணாகத்தான் கிடக்கின்றன."

ஆறு மெல்லக் கேட்டது:

"இந்த வருஷம் புதிதாக எந்த ஊருக்குப் பெண் கொடுத்திருக்கிறார்கள்? ஆடியில் அந்த வயலிலும் கொஞ்சம் போட வேண்டுமே."