பந்திக்கு முன் பத்தியம்

“எத்தனாவது இட்லியில உங்களுக்கு மூச்சு வாங்கும்?”

ஆயுர்வேத வைத்தியர் ஹேமநாத் நாடி பிடித்தபடியே கேட்டார். சிட்லபாக்கம் கேசவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“மூச்சா? எனக்கா? இன்னா டாக்டரே, எங்க வம்சம் தெரியாம பேசறீங்க! எங்கப்பா ஒரு முழுப் பலாப்பழத்தைத் தனியா முடிச்சிட்டு, கொட்டையைச் சுடச் சொல்லிக் காத்துகினு இருந்தவரு.”

“சுட்டுக் குடுத்தது எங்க மாமியார். அன்னிக்கு அவங்க பட்டினி” என்றாள் மனைவி பச்சையம்மா.

கேசவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இட்லி சாப்பிடும் போட்டி. போன வருஷம் கோப்பையை யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குப் பார்த்து இவர் மச்சினன் மகள் கல்யாணப் பந்தியில் இருந்தார். ‘இந்த வருஷம் கோப்பை நம்ம ஊருக்குத்தான்’ என்று ஏரிக்கரையில் வாக்கிங் வரும் அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. தோற்றால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. வயிற்றுக்கு இன்னும் கொஞ்சம் பலம் ஏற்றத்தான் தாம்பரம் வந்திருந்தார்.

“வேகமா சாப்பிடுவீங்களா, நிதானமாவா?”

“மொதப் பதினஞ்சு சும்மா மழை மாதிரி. அப்பால ஒரு டம்ளர் வெந்நீர். பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்குவேன். முப்பது தாண்டினப்புறம்தான் சட்னின்னு ஒண்ணு கீதான்னே பார்ப்பேன்.”

“கெட்டிச் சட்னியா, தண்ணியாவா?”

“தண்ணியா. சர்ருனு எறங்கிடும்.”

வைத்தியர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். இத்தனை அக்கறையாகத் தன் வயிற்றை இதுவரை யாரும் விசாரித்ததில்லை. கேசவனுக்கு மார்பு விரிந்தது. வயிறு ஏற்கெனவே விரிந்திருந்தது.

“ஜீரண அக்கினி பிரமாதம் சார். இப்படி ஒரு வயித்தை நான் பார்த்ததே இல்ல. பாவம், ரொம்ப உழைச்சிருக்கு. ஞாயிறு காலை வரைக்கும் ரெண்டு வேளை அரை டம்ளர் கஞ்சி, நடுவுல சுக்கு வெந்நீர். வேற ஒண்ணும் கூடாது.”

“நாலு நாளா? இந்த ஆளா?” பச்சையம்மா சிரித்தாள்.

“அப்புறம் பாருங்கம்மா. வயிறு எவ்வளவு லேசா இருக்கும்னு.”

கேசவன் பத்தியத்தில் இம்மி பிசகவில்லை. மெதுவடை வாசனை வந்தபோதுகூட மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழாவது இட்லி தொண்டையிலேயே நின்றது. எட்டாவது மலை அளவுக்குத் தெரிந்தது. இலையை மூடிவிட்டுக் கேசவன் திரும்பினார். அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த யாரையோ சுற்றிக் கூட்டம் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

மைக் அலறியது: “முப்பத்தாறு! கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறார், நம்ம போன வருஷச் சாம்பியன், வைத்தியர் ஹேமநாத்!”