கடைசி இலக்கம்

"முடியாது, சார்" என்றாள் அவள், மூன்றாவது முறையாக.

மேலாளர் சர்வர் அறையின் கதவைக் காலாலேயே சாத்தினார்.

மூன்று மணிக்கு, போன மாதத்து விபத்தை விசாரிக்க அதிகாரி வருகிறார். அதற்குள் இரண்டு பெட்டிகளும் அச்சு மாறாமல் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அவர் ஏன் என்று கேட்பார்.

தொழிற்சாலையின் பதிவுகளைச் சேமித்து வைக்கும் பெட்டிகள். ஒன்று இந்த அறையில். அதன் இரட்டை நகரத்தின் மறுகோடியில், இன்னொரு கட்டடத்தில். இங்கே ஒரு வரி எழுதினால் அங்கேயும் ஏறும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நல்லது கெட்டது பார்க்கத் தெரியாத இரட்டை. அந்த இரண்டையும் ஒன்றுபோலவே வைத்திருப்பதுதான் அவள் வேலை.

இன்று காலை கேபிள் வேலைக்காக நடுவில் இருந்த இணைப்பை இரண்டு மணி நேரம் நிறுத்தியிருந்தார்கள். மறுபடி கொடுக்கப் போகும்போதுதான் திரையில் அதைப் பார்த்தாள். போன மாதத்துப் பதிவுத் தொகுப்பில் அனுப்ப வேண்டிய மாற்றம்: ஒன்று.

போன மாதத்துக் கணக்கை மூடிப் பூட்டி மூன்று வாரம் ஆகிறது. அதில் எழுத யாருக்கும் வேலை இல்லை. அங்கே எப்போதும் பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பெட்டிகளையும் திறந்து அருகருகே வைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு வரிதான் வேறாக இருந்தது. தகடு வெட்டும் மெஷினின் பாதுகாப்பு மூடி வேலை செய்யாதபடி, விபத்து நடந்த அன்று யார் நிறுத்தி வைத்தது என்ற வரி. தூரத்துப் பெட்டியில் சூப்பர்வைசரின் அட்டை எண். இந்தப் பெட்டியில் மெஷினை ஓட்டியவரின் அட்டை எண். இணைப்பு நின்றிருந்த நேரத்தில் இங்கே யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஓட்டியவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இந்த வரி நின்றால் தப்பு அவர் தலையில். நஷ்ட ஈடும் கிடையாது, வேலையும் கிடையாது.

அவரோடு அவள் பேசியது ஒரே ஒரு தடவை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் திசையை மாற்றிப் போட்டுவிட்டாள். ஒரு பெட்டியில் இருந்த பழைய பதிவு மற்றதில் இருந்த புதிய பதிவின் மேல் ஏறி, ஒரு ஷிப்ட் முழுவதன் பதிவும் காணாமல் போனது. அன்றைக்கு மேலாளர் வைத்த பெயர்தான் தலைகீழ். டீ குடிக்கும் இடத்தில் இன்றைக்கும் அவளுக்கு அதுதான் பெயர்.

அன்று மாடி ஏறி வந்தது அந்தத் தகட்டுக்காரர் மட்டும். சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு சின்ன நோட்டை எடுத்து வைத்தார். ஷிப்டில் ஓடிய ஒவ்வொரு தகடும் பென்சிலில் இருந்தது.

"நான் எழுதி வச்சிருக்கேம்மா, பாத்து ஏத்திக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் வேலை தப்பியது.

அன்றிலிருந்து அவள் எண்ணை முழுசாகப் படிக்காமல் எதையும் தொடுவதில்லை. திரையில் பெட்டிகளுக்குப் பெயர் இல்லை, பதினாறு இலக்க எண்தான். இரண்டு எண்களுக்கும் கடைசி இலக்கம் ஒன்றே வித்தியாசம். இங்கிருப்பது ஏழில் முடியும். அங்கிருப்பது ஒன்றில் முடியும். நடுவில் உள்ள அம்பு என்றைக்கும் இடமிருந்து வலமாகத்தான் காட்டும்; திசையை மாற்றினால் எண்கள்தான் இடம் மாறும். இடப்பக்கம் இருப்பது கொடுக்கும், வலப்பக்கம் இருப்பது வாங்கிக்கொள்ளும். அம்பைப் பார்த்ததும் பெரும்பாலானவர்களின் கண் நின்றுவிடும்.

மேலாளர் முதலில் தேனாகப் பேசினார். பிறகு பதவி உயர்வைப் பற்றி. பிறகு வேலையை விட்டு அனுப்புவதைப் பற்றி. அவள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிய காலத்திலேயே இந்தப் பெட்டிகளைத் தாம் கட்டி மேய்த்ததாகவும் சொன்னார்.

"ஒரு பட்டன அழுத்த என்ன இவ்வளவு பிகு, தலைகீழ்? இந்தத் தடவையாவது நேரா பண்ணித் தொலை."

அவள் எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"என் கை அழுத்தாது, சார். அவ்வளவு அவசரம்னா நீங்களே அழுத்திக்கோங்க."

மேசையின் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

அவர் அவளை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவள் பெயரை வெளியே தள்ளி, தம் பெயரில் உள்ளே போனார். இரண்டு எண்கள், நடுவில் அம்பு. வலப்பக்கம் உள்ளது அழிந்து இடப்பக்கம் உள்ளது எழுதப்படும், சம்மதமா என்று திரை கேட்டது. சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல அதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

அழுத்தினார்.

ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் ஆகும். கண் இமைப்பதற்குள், மாற்றம் ஒன்று என்றிருந்தது பூஜ்யமானது. விளக்கு பச்சையானது.

நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, அதிகாரியை வரவேற்கக் கிளம்பினார். படியில் ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டாள். போவதற்கு முன் திரையின் பக்கம் குனிந்தாள்.

இடப்பக்கத்து எண்ணை வழக்கம்போல விரல் வைத்துக் கடைசி வரை படித்தாள்.

காலையில் அவள் மாற்றி வைத்தபடியே, ஒன்றில் முடிந்தது.