தங்க லேபிள்

ஷாம்பூ கம்பெனியில் லேபிள் ஒட்டும் என் நாத்தனார், என் பாட்டிலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

“முடி கொட்டக் கூடாதுன்னு காசைக் கொட்டுறீங்களே அண்ணி! தங்க லேபிள், வெள்ளை லேபிள் ரெண்டும் ஒரே தொட்டியிலேர்ந்துதான் வருது. ஒட்டுறதே நான்தானே!”

ரோஷத்தில் வெள்ளை லேபிளுக்கு மாறினேன். ஒரே வாரம்தான். சீப்பெல்லாம் முடி!

மானமாவது, மண்ணாவது! கடைக்கு ஓடினேன். அலமாரியில் ஒரே ஒரு தங்க லேபிள்தான் இருந்தது. நான் கை நீட்டுவதற்குள் இன்னொரு கை அதை வெடுக்கென்று எடுத்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

நாத்தனார்!

“சத்தியமா ரெண்டும் ஒரே சரக்குதான் அண்ணி,” என்றாள், பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடியே. “ஆனா என் தலைக்கு இதுதான் ஒத்துக்குது!”